ஊற வைக்காத குழி

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைய பிழை: நான்காம் குழியை ஊற வைக்காமல் அளந்துவிட்டேன்.

களக் குறிப்பேட்டில் அன்றன்று செய்த பிழையை முதல் வரியில் எழுதுங்கள், அளவுகளைப் பிறகு எழுதலாம் என்று மாலை வகுப்பின் மண்ணியல் ஆசிரியர் முதல் நாளே சொன்னார். வகுப்பில் இருபத்திரண்டு பேர். இதை இன்னும் செய்துகொண்டிருப்பது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்குப் பிழை வருவதில்லையோ, அல்லது வெட்கமோ, தெரியவில்லை.

வேலை நடக்கும் இடம் ஊருக்கு வெளியே ஒரு சரிவு. நான்கு ஏக்கர், முழுக்க மரம். அங்கே நாற்பது வீடுகள் வரப்போகின்றன. கழிவுநீர்க் குழாய் அந்தப் பக்கம் இல்லை என்பதால் கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஓர் உறிஞ்சுகுழிக்குள் போக வேண்டும். மண் அந்தத் தண்ணீரைக் குடிக்குமா, எவ்வளவு வேகத்தில் குடிக்கும் என்று பார்த்துச் சொல்வதற்கு எங்கள் அலுவலகத்தை அமர்த்தியிருக்கிறார்கள்.

முறை எளிது. மண்ணைத் துளைக்கும் கைத்திருகால் ஒரு சாண் அகலத்தில், ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி போட வேண்டும். திருகு சுற்றும்போது களிமண் சுவரை மெழுகிவிடும். அதை ஆணி அடித்த பலகையால் கீறிவிட வேண்டும். அடியில் கொஞ்சம் சரளை. பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் திரும்ப ஊற்றி அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலில் பார்க்க வேண்டும்.

ஊற விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மழை பெய்து ஏழு வாரமாகிறது. மரங்கள் ஈரத்தை இழுத்துவிட்டதால் களி உள்ளுக்குள் வெடித்துக் கிடக்கிறது. அந்த வெடிப்பில் எவ்வளவு ஊற்றினாலும் போகும். ஓட்டைப் பானையில் ஊற்றிவிட்டுப் பானைக்குத் தாகம் என்று சொல்வது போலத்தான் அது. ஓர் இரவு ஊறினால் களி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன்பின் கிடைப்பதுதான் அளவு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்று வீடு கட்டும் நிறுவனத்தின் விற்பனை மேலாளர் வெள்ளைக் காலணியோடு காட்டுக்குள் வந்து, ஒரு குழியையாவது இப்போதே பார்த்துவிட வேண்டும் என்று நின்றார். என்னை மேடம் என்று அழைத்தார். நான்காம் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

அப்போது நண்டு குறுக்கே பேசினார்.

நண்டு என்பது எங்கள் அலுவலகத்தில் குழி தோண்டுபவரின் பட்டப்பெயர். பதினோரு வருடமாகத் திருகு பிடிக்கிறார். கால்களை அகட்டி வைத்துச் சுற்றும்போது பக்கவாட்டில் நகர்வார், அதனால் நண்டு. ஓட்டுநர் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவர் நண்டுதான். நானும் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்கிறேன். அவர் என் அக்காவின் கணவர். நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். ஒரே குடும்பத்தில் இருவர் வேலை செய்யக் கூடாது என்று அலுவலகத்தில் விதி. ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே மாமாதான். சேர்ந்த நாளிலிருந்து ஒன்றரை வருடமாக, பேருந்தில்கூட இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்காருகிறோம்.

ஊற வைக்காமல் பார்க்கக் கூடாதே என்று மாமா சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் விற்பனை மேலாளர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, இங்கே பொறியாளர் யார் என்று சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நண்டு, உன் வேலை தோண்டுறது. அதை மட்டும் பாரு."

மாமாவை நான் 'நீ' என்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அலுவலகத்தில் இதுவரை நீ, நீங்க இரண்டும் வராமல் வாக்கியத்தை வளைத்து வளைத்துத்தான் பேசியிருக்கிறேன். இன்று வளைக்கவில்லை.

அரை மணியில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. விற்பனை மேலாளர் அங்கிருந்தே தலைமைப் பொறியாளருக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர் என்னிடம் பேசி சபாஷ் என்றார். வேறு யாரிடமும் அவர் சபாஷ் சொல்லி நான் கேட்டதில்லை. வகுப்புக்குப் போய் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்த பிறகுதான் முதல் வரியில் என்ன எழுத வேண்டும் என்று புரிந்தது.

செப்டம்பர் 10, புதன்

இன்றைய பிழை: தலைமைப் பொறியாளரிடம் சொல்லவில்லை.

காலையில் எழுந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். முதலில் மாமாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீடு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் அக்காவும் மாமாவும். மற்றதில் அக்காவின் தையல் இயந்திரம், துணி மூட்டைகள், நான். சமையல் மேடை நடைவழியில் இருப்பதால் ஒருவர் நின்றால் மற்றவர் பக்கவாட்டில்தான் போக வேண்டும். அந்த இடத்தில் மாமாவை மறித்து, ஆறு குழிகளையும் இன்று ஊற வைக்க வேண்டும், நேற்று நான் செய்தது தப்பு என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினார்.

"படிப்பாளிக்கு ராத்திரிதான் ஞானம் வருமாம். உன் தங்கச்சிகிட்ட சொல்லு, மேடம் சொன்னா நண்டு ஊத்தும்."

என்ன நடந்தது என்று அக்கா கேட்டாள். இரண்டு பேரும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ரெண்டு பேரும் ஒரே இடத்துல குப்பை கொட்டுறீங்க, மூஞ்சிய மட்டும் திசைக்கு ஒண்ணா வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பைகளை எடுத்து வைத்தாள்.

வீட்டில் மாமா என்னைப் படிப்பாளி என்றுதான் சொல்வார், இனிப்பாக அல்ல. நான் புத்தகம் திறந்தால் விளக்கை அணைக்கச் சொல்வார். வகுப்பிலிருந்து வந்ததும், இன்னிக்கு மண்ணு என்ன சொல்லுச்சு என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். எனக்குப் பாடம் விளங்காத நாட்களில் அந்தச் சிரிப்பை நினைத்தே படித்திருக்கிறேன். இதை இங்கே எழுதுவது நியாயமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் மறந்துவிடக் கூடாது.

தண்ணீர் வண்டி காட்டுக்குள் போகாது. சாலையிலிருந்து முந்நூறு தப்படி. மாமா இருபது லிட்டர் கேன்களை இரண்டிரண்டாகத் தூக்கி வந்தார். அவருடைய வலது தோள் போன வருடத்திலிருந்து சரியில்லை. அலுவலகத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மூன்றாவது நடையிலிருந்து கேனை இடது கைக்கு மாற்றி மாற்றி வந்தார். நான் ஒன்றைத் தூக்கப் போனபோது, மேடம் கையில மண்ணு ஒட்டிக்கும் என்றார்.

ஒவ்வொரு குழியருகிலும் முளை அடித்து, ஊற்றிய நேரத்தை அதன் தலையில் எழுதினேன். திருகில் வந்த மண்ணையும் பார்த்தேன். மேலே ஒரு விரல் கனம் மட்கிய இலை, பிறகு கறுப்பு மண், முழங்கை ஆழத்துக்குக் கீழே களி. உள்ளங்கையில் உருட்டினால் நூல் போல நீள்கிறது, உடைவதில்லை. எழுபது சென்டிமீட்டரில் சாம்பல் நிறம், நடுநடுவே துருப் பொட்டுகள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது என்று அதற்குப் பொருள். மண் எதையும் மறைக்கவில்லை.

மூன்று முறை தலைமைப் பொறியாளருக்குத் தொலைபேசியில் முயன்றேன். கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். நான்காவது முறை முயலவில்லை. நாளை அளவுகள் கையில் இருக்கும்போது சொன்னால் பேச்சு சுலபமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அளவுகளை முதலில் எழுதுகிறேன்.

முதல் குழி: அரை மணியில் ஒரு சென்டிமீட்டர். இரண்டாம் குழி: ஒன்றுமில்லை. மூன்று: ஒன்றரை. நான்கு: ஒன்று. ஐந்து: ஒன்றுமில்லை, மேலே விழுந்த இலைகூட இருந்த இடத்திலேயே இருந்தது. ஆறு: அரை.

நான்காம் குழியில் முந்தாநாள் இருபத்திரண்டு.

பதினொரு மணிக்குத் தலைமைப் பொறியாளர் வந்தார். கூடவே விற்பனை மேலாளரும். நான் தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். அவர் எப்போதும் சத்தம் போட மாட்டார். ஐந்தாம் குழிக்குப் போய்க் குனிந்து, அந்த இலையை எடுத்துத் தண்ணீரை உதறிவிட்டு, இருபத்திரண்டு என்று மேலே அறிக்கை போய்விட்டதே, இது என்ன என்று கேட்டார். குழிகள் ஊறியிருக்கின்றன என்றேன். அது தெரிகிறது என்றார்.

"யாரு ஊத்தினது?"

மாமா திருகைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தான் சார்."

"யாரு சொல்லி?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. "எப்பவும் ஊத்துறதுதானே சார்."

தலைமைப் பொறியாளர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையிடம் கேட்கும் முகம்தான்.

"நீ சொன்னியாம்மா?"

"இல்ல சார்."

யோசித்துச் சொன்னேனா, யோசிக்காமல் சொன்னேனா என்று காலையிலிருந்து பார்க்கிறேன். யோசித்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லும் முன் இரண்டு விஷயங்கள் தோன்றின. அனுபவச் சான்றிதழில் இவர் கையெழுத்து இல்லாவிட்டால் நவம்பரில் தேர்வு எழுத முடியாது என்பது ஒன்று. விளக்கை அணைக்கச் சொல்லும் குரல் இன்னொன்று. இரண்டாவது எவ்வளவு நேரம் இருந்தது என்று என்னால் அளக்க முடியவில்லை.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஆள் தன்னிஷ்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியதால் குழிகள் கெட்டுப்போயின, ஆகவே முதல் நாள் அளவே செல்லும் என்று எழுதச் சொன்னார். வண்டியின் முன்மூடியில் தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது. மாமாவிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பதினோரு வருடம், ஒரு வாக்கியம். மாமா திருகை மரத்தில் சாய்த்து வைத்தார். பலகை, அளவுகோல், கேன்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்.

"பூட்ஸும் ஆபீஸோடதுதான்" என்றார் தலைமைப் பொறியாளர். "கழட்டி வச்சிட்டுப் போ."

விற்பனை மேலாளர் அதைக் கேட்டுச் சிரித்தார். தலைமைப் பொறியாளர் அவருக்காக இன்னொன்று சொன்னார்.

"நண்டுக்கு ஒரு ஜோடி எப்படிப் பத்தும்? வாங்கறதுன்னா அஞ்சு ஜோடில்ல வாங்கணும்."

நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை. உதடு மட்டும்தான். ஆனால் மாமா அப்போது நிமிர்ந்துவிட்டார்.

அவர் ஒரு வேரின் மேல் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். காலுறையின் பெருவிரல் பக்கம் அக்கா நீல நூலால் ஒட்டுப் போட்டிருந்தது தெரிந்தது. அவருடைய செருப்பு அலுவலகத்தில் இருந்தது, ஒன்பது கிலோமீட்டர். பூட்ஸை ஜோடியாகத் திருகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, முள்ளும் சரளையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துச் சரிவில் இறங்கினார்.

திரும்பும்போது தலைமைப் பொறியாளர் என்னைத் தன் காரில் ஏறச் சொன்னார். பேருந்து நிறுத்தத்துக்கு முந்தின வளைவில் மாமாவைக் கடந்தோம். காலுறையையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கிழிந்துவிடக் கூடாது என்று இருக்கலாம். வெயில் நேரம். தார் சாலையில் நிற்க முடியாமல் ஓரத்து மண்ணில் நடந்தார். அவரைக் கடக்கும்போது ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். மாமா ஒதுங்கி வழிவிட்டார்.

இன்றைய பிழை என்று எந்த வரியை எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று மாலை வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போக வேண்டாமே என்றுதான் போனேன்.

காலையில் அக்கா வெந்நீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைத்து மாமாவின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது குதிகாலில் தோல் உரிந்திருந்தது. நான் நடைவழியில் நின்றேன். வேலை போய்விட்டது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதற்கு, ஆள் குறைக்கிறாங்க என்று மாமா சொல்லியிருக்கிறார். செருப்பு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அறுந்துபோச்சு என்றிருக்கிறார்.

அக்கா அதை நம்பவில்லை. சாயங்காலம் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது நான் துணிகளை மடித்தேன். இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"பதினோரு வருஷம் குறைக்காதவங்க இன்னிக்கு ஏன்டி குறைக்கிறாங்க?"

குழிகளில் தண்ணீர் ஊற்றியது தப்பு என்றாகிவிட்டது என்றேன். ஊற்றச் சொன்னது யார் என்றாள். நான் என்றேன். இயந்திரம் நின்றது. அதை நீ அங்கே சொல்லவில்லையா என்றாள். அதற்கு நான் பதில் சொன்னவிதம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது: கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். என்னிடம் கேட்டார்கள் என்பதையும், நான் இல்லை என்றதையும் சொல்லவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டு, பயந்துட்டே, போகட்டும் என்றாள். நாளைக்குப் போய் எழுதிக் கொடு, நீதான் சொன்னதுன்னு, உன்மேல அவருக்கு நல்ல எண்ணம் இருக்கு, படிச்ச பிள்ளை சொன்னா கேப்பாரு என்றாள். அம்மா போனபின் என்னைப் பள்ளியில் சேர்க்க வந்து தலைமையாசிரியர் முன்னால் நின்றாளே, அதே நம்பிக்கையான குரல்.

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். கடைசிப் படி: 'ஆறு குழிகளையும் ஊற வைக்கச் சொன்னது நான். அதுவே சரியான முறை. ஒன்பதாம் தேதி நான்காம் குழியில் எடுத்த அளவு செல்லாது. பணியாளர்மேல் தவறில்லை.' எல்லாம் உண்மை. நான்கே வரி.

செப்டம்பர் 13, சனி

தலைமைப் பொறியாளரின் அறையில் மண் உலர்த்தும் அடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. தட்டுகளில் எங்கள் ஆறு குழிகளின் மண் சூடேறிக்கொண்டிருந்த வாசனை. உட்காரச் சொன்னார். கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமல், அப்படியே குனிந்து படித்தார்.

"இது எனக்குத் தெரியாதாம்மா? முளையில நேரம் எழுதியிருந்தது உன் கையெழுத்துல."

அப்படியானால் ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்றேன்.

"நீ என்ன சொல்றேன்னு பார்த்தேன். எனக்கு வேண்டிய பதிலைச் சொன்னே."

பிறகு பொறுமையாக விளக்கினார். இருபத்திரண்டு என்ற எண்ணை நம்பி வீடு கட்டும் நிறுவனத்தில் மேலே எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். ஒன்று என்றால் நாற்பது வீடு பத்தாகிவிடும், அல்லது அதுவும் இல்லாமல் போகும். மழை வந்து மண் ஈரமாகும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரு எண் மாற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது நீயாக இருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது என்றார்.

மாமாவுக்குத் திரும்ப வேலை தர முடியுமா என்று கேட்டேன். மாமா என்று சொல்லவில்லை, நண்டு என்றேன். அப்போதும் நண்டு என்றுதான் வந்தது.

அவர் சிரித்தார்.

"உங்க அக்கா வீட்டுக்காரரை நீ வீட்டுலயும் அப்படித்தான் கூப்பிடுவியா?"

நான் சேர்ந்த வாரமே தெரியும் என்றார். எங்கள் இருவரின் சாப்பாட்டுப் பையும் ஒரே கட்டம் போட்ட துணி, ஒரே தையல், ஓட்டுநர்கூடக் கண்டுபிடித்துவிட்டாராம். ஒன்றரை வருடமாக நாங்கள் பேருந்தில் தள்ளித் தள்ளி உட்கார்வதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தான்னு விதி. இத்தனை நாள் நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். இந்தக் கடுதாசிய வாங்கினா தொறக்கணும். தொறந்தா ரெண்டு பேரும் வெளியே. வாங்கலேன்னா ஒருத்தர் உள்ளே. நீயே சொல்லு. கணக்குல கெட்டிக்காரியாச்சே."

அடுப்பின் மணி அடித்தது. அவர் எழுந்து போய் ஐந்தாம் குழியின் தட்டை வெளியே எடுத்து ஆற வைத்தார். சாம்பல் நிறக் களி செங்கல் துண்டு மாதிரி இறுகியிருந்தது.

"அவன் உன் பேரைச் சொல்லல. நீயும் உன் பேரைச் சொல்லல" என்றார், எனக்கு முதுகு காட்டியபடி. "நல்ல ஒத்துமையான குடும்பம்."

கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்து என் அனுபவச் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்தார். ஜூலையில் நான் கொடுத்து வைத்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதிவிட்டு என்னிடம் கொடுத்தார். நன்றி சார் என்றேன். நான் நன்றி சொன்னதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவருகிலேயே கேட்டாள். கொடுத்தேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள், நீ உன்னால ஆனதைச் செஞ்சுட்டே என்று சொல்லி எனக்கு முதலில் தட்டு வைத்தாள். நான் சாப்பிட்டேன். மாமா சுவரோரம் உட்கார்ந்து குதிகாலில் மருந்து தடவிக்கொண்டு நான் சாப்பிடுவதையே பார்த்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் அக்கா தைத்த துணிகளைக் கொடுத்துவர வெளியே போனாள். கீழே டயர் கடை மூடியிருந்ததால் வீட்டில் சத்தமே இல்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா நடைவழிக்கு வந்து நின்றார். புதன்கிழமைக்குப் பிறகு என்னிடம் நேராக அவர் பேசியது அப்போதுதான்.

"நீ கடுதாசி குடுக்கல."

நான் குழாயை மூடினேன்.

"குடுத்திருந்தா உனக்கும் வேலை இருக்காது. அந்த ஆள எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும்."

பையில்தான் இருக்கிறது என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கடிதம் இருப்பதே எனக்குச் சாட்சி என்று நினைத்தேனோ என்னவோ. அவர் தலையாட்டினார். வியாழக்கிழமை நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன்: தேர்வு, சான்றிதழ், விளக்கை அணைக்கச் சொல்வது வரை எல்லாவற்றையும். முழுதாகக் கேட்டார். நான் முடித்ததும், நான் அணைக்கச் சொன்னது உங்க அக்கா கண்ணு கூசாம தூங்கணும்னு, அவ பகலெல்லாம் ஊசியப் பாக்கறவ என்றார். அது உண்மையா, என்னைக் குத்துவதற்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா உன்னை வெளிய அனுப்பிடுவா, உனக்கும் நிம்மதியாப் போயிடும். நீ இங்கயே இரு. அவ உனக்கு முதல்ல தட்டு வைப்பா. தினம் என் எதிர்ல உக்காந்து சாப்பிடு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு குழிக்கு எவ்வளவு சரளை என்று சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு என்னைத் தாண்டிப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்க முடியாது என்பதால் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மத்தியானம் அக்கா சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. முந்தாநாள் மாமா போய்ப் பார்த்த மண்வேலை மேஸ்திரி வழியில் அவளைப் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தினக்கூலிதான், ஆனால் உடனே. தோள் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். மாமா, பழகின வேலைதானே என்றார். எந்த இடம் என்று அவள் கேட்டபோது அவர் என் பக்கம் கை காட்டினார்.

"இவகிட்ட கேளு. இவளுக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்திருந்தது. நேற்று அறையை விட்டுக் கிளம்பும்போதே தலைமைப் பொறியாளர் பணித்தாளைக் கையில் கொடுத்திருந்தார். அதே சரிவுக் காட்டின் மேல் விளிம்பில் மரம் இல்லாத இடத்தில் மாதிரி வீடு ஒன்று வருகிறது. அதற்கு மூன்று உறிஞ்சுகுழிகள். தோண்டுவது அந்த மேஸ்திரியின் ஆட்கள்.

அக்காவிடம் இடத்தைச் சொன்னேன். ரெண்டு பேரும் திரும்ப ஒரே இடத்துலயா, நல்லதாப் போச்சு, அவரைக் கொஞ்சம் பார்த்துக்கோ என்றாள். இப்போது பழைய திரைத்துணியை வெட்டி மாமாவின் குதிகாலுக்குத் தடிமனாக ஒரு பட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். இயந்திரம் என் தலைமாட்டில்தான் ஓடுகிறது.

இந்த வாரத்தின் பிழைகளை எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எண்ணவில்லை.

நாளை, திங்கள்: ஏழு மணிக்குத் தளத்தில் இருக்க வேண்டும். மூன்று உறிஞ்சுகுழிகளுக்கும் முளை அடித்து, சுண்ணாம்பால் வட்டம் போட வேண்டும். எட்டு மணிக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு ஆழம் சொல்ல வேண்டும்: இரண்டு மீட்டர்.